அம்மா மூன்று மாதமாக செலிகாக்சிப் வலி மாத்திரை சாப்பிடுகிறார், கணுக்கால் வீங்கியிருக்கிறது

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். டாக்டர் செலிகாக்சிப் 200 மி.கி. தினம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதினார். நான்காம் நாளே கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, எனக்குத் தெரியாமல் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு லோசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. இப்போது கணுக்கால் வீக்கம். நிறுத்தலாமா?

பதில் 1:
வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். என் அப்பாவுக்கு இதே கூட்டணியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1-லிருந்து 2.3 ஆனது. நாளைக்கே டாக்டரிடம் காட்டி, கிரியாட்டினின், பொட்டாசியம் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

பதில் 2:
செலிகாக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம்தான். ஆனால் இதயத்துக்கு ஆபத்து உண்டு. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிபை 2004-ல் திரும்பப் பெற்றார்கள். ஆஸ்பிரினும் எடுக்கிறாரா? எடுத்தால் அந்த வயிற்று இதமும் பெரும்பாலும் போய்விடும்.

பதில் 3:
முழங்காலில் தடவ டைக்ளோஃபெனாக் வலி ஜெல் பற்றிக் கேளுங்கள். ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். தொடைத் தசைப் பயிற்சியை விடாதீர்கள்.

கேட்டவர்:
ஆஸ்பிரின் இல்லை. கிரியாட்டினின் 1.6. மாத்திரை நிறுத்தியாயிற்று, பத்து நாளில் மறுபரிசோதனை. சிறுநீரகம் தேறியபின் ஜெல் என்று டாக்டர் சொன்னார். வலியைச் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தாராம் அம்மா.