கிளைம் முடியவில்லை, என்சிடி பூஜ்யம் காட்டுகிறது: இன்சூரன்ஸ் மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். தோட்டத்து முச்சந்தியில் நின்றிருந்த அப்பாவின் மைவி காரைப் பின்னால் வந்த சாகா கார் இடித்துவிட்டது. அன்றே போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். பட்டறைக்காரர் எங்கள் இன்சூரன்ஸிலேயே கிளைம் போட்டார், இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் இன்சூரன்ஸும் ரோட்டெக்ஸும் (சாலை வரி) புதுப்பிக்க வேண்டும். வேறு கம்பெனியில் மலிவாக இருக்கிறதே என்று கேட்டால், 55% இருந்த என்சிடி (கிளைம் செய்யாமல் இருந்தால் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவு) இப்போது 0 என்கிறார்கள். தப்பு எங்களுடையது இல்லையே! பழைய கம்பெனியிலேயே இருந்தால் தப்பிக்குமா?

பதில் (ஏஜெண்டாக இருக்கிறேன்):
தம்பி, எங்கே போனாலும் ஒன்றுதான். காடி (கார்) நம்பரைப் போட்டால் ஐஎஸ்எம் என்ற இன்சூரன்ஸ் தகவல் பதிவில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விவரம்தான் தெரியும். கிளைம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். சாதாரண ‘ஓன் டேமேஜ்’ (நம் காடிச் சேதத்துக்கு நம் கம்பெனியிலேயே கேட்பது) என்றால் என்சிடி போய்விடும். 25, 30, 38.33, 45 என்று வருடாவருடம் ஏறித்தான் மறுபடி 55 வரும். ‘நாக் ஃபார் நாக்’ (தப்பு எதிர்க் காடி மீது இருந்தாலும் அவரவர் கம்பெனியே அவரவர் காடிப் பழுதுக்குப் பணம் தரும் ஏற்பாடு) என்றால், எதிர்க் காடி மீது தப்பு என்று போலீஸ் முடிவு வந்தால், நம் கம்பெனியில் கிளைம் செய்தாலும் என்சிடி குறையாது. பட்டறையில் நீட்டிய பாரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

கேட்டவர்:
பாரத்தைப் பார்த்தேன் அக்கா, நாக் ஃபார் நாக்தான். போலீஸ் முடிவு வரவில்லை. அதுவரை புதுப்பிக்காமல் இருக்கலாமா?

பதில்:
கூடவே கூடாது தம்பி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். அது இல்லாமல் ரோட்டெக்ஸும் எடுக்க முடியாது. அடிப்படை பிரிமியம் 1,000 ரிங்கிட் என்றால் 55% கழித்து 450 கட்ட வேண்டிய இடத்தில் இப்போது முழுசாகக் கேட்பார்கள். வலிக்கும், தெரியும். என்சிடி திரும்பினால் அந்த 550ஐத் தருவீர்களா என்று புதுக் கம்பெனியிடம் பணம் கட்டுமுன்பே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போய் விசாரணை அதிகாரியைப் பார்த்து, முடிவு வந்ததும் ஒரு பிரதியைப் பழைய கம்பெனிக்குக் கொடுத்து என்சிடியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பிஎன்எம்லிங்க் சேவையில் புகார் கொடுக்கலாம்.

இன்னொருவர்:
முன்கண்ணாடிக்குத் தனியாகக் கட்டியிருந்தால் அந்தக் கிளைம் என்சிடியைத் தொடாது. இதையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. நாளைக் காலையிலேயே பாலாய்க்குப் போகிறேன்.