வாகனச் சோதனையில் போனைத் திறந்து காட்டச் சொன்னால்?

இரவுப்பறவை: நேற்று ராத்திரி பைக்கை நிறுத்தி லைசென்ஸ், ஆர்சி எல்லாம் பார்த்தார்கள், சரி. அப்புறம் போனை அன்லாக் பண்ணச் சொல்லி வாங்கி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று அடித்துத் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காததால் திருப்பிக் கொடுத்தார்கள். வாரண்ட் இல்லை, என் மேல் புகாரும் இல்லை. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

கோர்ட்டுவாசல்: இல்லை. வாரண்ட் இல்லாமல் தேட பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185-ம் பிரிவில் வழி உண்டு, ஆனால் அது ஏற்கெனவே விசாரணையில் இருக்கும் குற்றத்துக்கு, அதுவும் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு. போதைப்பொருள் சட்டத்தின் 43-ம் பிரிவில்கூட நம்பத்தகுந்த காரணம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு பைக்கில் போவதெல்லாம் காரணமா?

சாமானியன்: 2021-ல் ஹைதராபாத்தில் இதையேதான் செய்தார்கள், வீடியோக்கள் பரவி பெரிய சர்ச்சையானது.

பழையவழக்கு: 2017-ல் புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் அதே கோர்ட் முன்பு பூரண்மல் வழக்கில் தந்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதே! சோதனை முறைகேடாக நடந்தாலும், கிடைத்த சாட்சியம் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் கோர்ட் ஏற்கலாம் என்கிறது அது. அப்படியென்றால் விதியை மீறுகிற அதிகாரிக்கு என்ன நஷ்டம்?

இரவுப்பறவை: அப்போ அடுத்த தடவை மாட்டேன் என்று சொன்னால்?

சாமானியன்: சொல்லலாம். பைக் ஸ்டேஷனில் நிற்கும், நீங்களும்தான்.

கோர்ட்டுவாசல்: சண்டை வேண்டாம். எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள், பெயர்ப் பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மறுநாள் எஸ்பி ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் புகார் போடுங்கள்.