ஸ்டாண்டர்டு ஹெரால்டு பின் சக்கர ஹப் கழல மறுக்கிறது, எந்தப் புல்லர் எடுப்பது?

மலைக்கோட்டை ஹெரால்டு:
வணக்கம். 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. வலது பின் சக்கரத்தில் பேரிங் போய்விட்டது. நாற்பதைத் தாண்டினால் உறுமுகிறது, ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. டிரம் சுலபமாக வந்துவிட்டது, அதைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூதான். நடு நட்டும் கழன்றது. ஹப் (சக்கரம் மாட்டும் நடுக்குடம்) மட்டும் அசையவில்லை. மெக்கானிக் அவரிடம் இருந்த மூன்று கால் பேரிங் புல்லரை, அதாவது இறுகியதை இழுத்துக் கழற்றும் கருவியை, மாட்டி முறுக்கினார். ஹப் வருவதற்குப் பதிலாகக் கால் பிடித்த இடத்தில் விளிம்பு லேசாக வளைய ஆரம்பித்தது, உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இப்போது என் முன்னால் மூன்று வழி. ஒன்று, கடையில் கிடைக்கும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' ஹப் புல்லர். இரண்டு, இதே வண்டியின் இங்கிலாந்து மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கென்றே அங்கே சர்ச்சில் கம்பெனி செய்த பழைய புல்லரைத் தேடிப்பிடித்து வரவழைப்பது. மூன்று, லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வது. எது சரி?

கமுதி மெக்கானிக்:
புல்லரே வேண்டாம் தம்பி. நட்டை ரெண்டு சுற்று மட்டும் தளர்த்தி வைத்துக்கொண்டு சக்கரத்தை மாட்டுங்கள். காலி கிரவுண்டில் எட்டுப் போட்டு ஓட்டுங்கள். டக்கென்று சத்தம் வரும், ஹப் விட்டுவிடும். பழைய பிளிமத், டாட்ஜ் எல்லாம் அப்படித்தான் கழற்றினோம். அதற்கும் மசியாவிட்டால் ஷாஃப்ட் முனையில் பெரிய சுத்தியலால் நாலு போடு.

பெருங்களத்தூர் பழசு:
கமுதி அண்ணன் சொல்வது டாட்ஜுக்கு ஓரளவு சரி. ஹெரால்டுக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டாட்ஜில் பின் ஆக்சில் ஒரே முழு உறை, இரண்டு சக்கரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸியோடு நிற்கும், அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு அரை ஷாஃப்ட், உள்முனையில் யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு), மேலே குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங். சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து ஊஞ்சலாடும். ஷாஃப்டின் வெளிமுனையில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராக அந்த யுனிவர்சல் ஜாயின்டுக்குப் போகும். அதற்குள் இருப்பது ஊசி மாதிரி மெல்லிய ரோலர்கள். முனையும் காளானாக விரியும், அப்புறம் நட்டு ஏறாது. பேரிங் மாற்றப் போய் ஷாஃப்டையும் ஜாயின்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

எட்டுப் போடும் வித்தையில் வேறு ஆபத்து. உங்கள் வண்டியில் பேரிங் ஏற்கெனவே ஆடுகிறது. ஹப் பாதி விட்ட நிலையில் கீ, அதாவது ஹப்பையும் ஷாஃப்டையும் பூட்டும் சின்ன இரும்புத் துண்டு, மட்டுமே இழுவையைத் தாங்கும். அது நசுங்கினால் ஹப்பின் கீ வழியும் அகலமாகிவிடும். இந்த வண்டி ஹப் எந்தக் கடை ஷெல்ஃபிலும் இல்லை.

பின் ஆக்சிலைப் பார்த்தாலே அந்தக் காலத்து மெக்கானிக்குகள் முகம் சுளித்தது சும்மா இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் இந்த வண்டிகளைச் செய்தார்கள். 1970களில் கெசல் என்று பெயர் மாற்றி விட்டபோது அதே 948 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு, பின்னால் சாதாரண முழு ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள்.

சரி, புல்லர். ஹப்பும் ஷாஃப்டும் சந்திக்கும் இடம் டேப்பர், அதாவது கூம்பு வடிவம். ஐம்பது வருஷம் ஆப்பாக இறுகிய பிடி. அதை விளிம்பில் பிடித்து இழுத்தால் விளிம்புதான் வளையும். சக்கர ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரை போட்ட கம்பி) நான்கிலும் சமமாகப் பிடித்து இழுக்கும் புல்லர்தான் வேண்டும். சர்ச்சில் கருவி செய்வதும் அதையேதான், கனமான இரும்பு என்பதுதான் அதன் பெருமை. கிடைத்தால் நல்லது. ஆனால் கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் கொடுத்து ஒரே ஒரு வேலைக்கு வரவழைப்பதா என்று நீங்களே யோசியுங்கள்.

யாழ் மைனர்:
அண்ணை, ஒரு சின்னக் குறிப்பு. கருவி வாங்க முதல் எந்த ஆக்சில் என்று பாருங்கோ. என்னிடம் இருக்கிறது மொரிஸ் மைனர். அதில் அரை ஷாஃப்ட் தனியாக இழுபட்டு வரும், ஹப் டேப்பரில் இறுகி இருக்காது, சாதாரண புல்லரே போதும். இதைப் பார்த்துவிட்டு மைனர்காரர் யாரும் பெரிய கருவிக்குக் காசு கொட்டாதேங்கோ.

கணபதி லேத்:
கோயம்புத்தூரில் ஒரு ஹெரால்டுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் பொதுப் புல்லரை வாங்குவதாக இருந்தால் முதலில் ஸ்டட் நுழையும் அதன் காடி எதுவரை உள்ளே வருகிறது என்று அளந்து பாருங்கள். ஹெரால்டு ஸ்டட் வட்டம் சின்னது, விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மி.மீ. பல புல்லர்கள் பெரிய வண்டிகளுக்கானவை, அவ்வளவு உள்ளே வராது. வந்தாலும் கைகள் மெல்லியதாக இருந்தால் அதுவும் வளையும்.

செய்வதென்றால் 25 மி.மீ. தடிமன் பிளேட். மெல்லியது கொடுத்தால் வாங்காதீர்கள், இருபதுக்குக் கீழே போனால் நடுவில் குவிந்துவிடும். நான்கு ஓட்டை 95.25 வட்டத்தில். பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 67.35 மி.மீ. வரவேண்டும், லேத்காரரிடம் இந்த அளவையும் சொல்லிவிடுங்கள், மார்க் பண்ணச் சுலபம். ஸ்டட் 3/8 அங்குலம், பத்து மி.மீ. டிரில் போதும். நடுவில் 24 மி.மீ. ஃபைன் த்ரெட், ஹைடென்சில் போல்ட். சாதாரண போல்ட் போட்டால் த்ரெட் உரிந்துவிடும். போல்ட் முனையைக் கூம்பாகக் கடைந்து, ஷாஃப்ட் மையத்தில் இருக்கும் குழியில் உட்காரும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் முறுக்கும்போது நழுவும்.

சக்கர நட்டின் கூம்புப் பக்கம் வெளியே இருக்கட்டும், தட்டைப் பக்கம் பிளேட்டில் படட்டும். நட்டு முழு த்ரெட்டும் ஏறியிருக்க வேண்டும்.

மலைக்கோட்டை ஹெரால்டு:
ரொம்ப நன்றி. லேத்தில் சொல்லிவிட்டேன். முறுக்கியும் வராவிட்டால் சூடு பண்ணலாமா?

பெருங்களத்தூர் பழசு:
பண்ணலாம், ஆனால் முறை இருக்கிறது. முதலில் ஷாஃப்ட் நட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். திரும்ப ஏற்றி, முனையோடு சமமாக நிறுத்துங்கள். த்ரெட்டுக்கும் காவல், ஹப் விடுபடும்போது பறக்காமலும் தடுக்கும். விடுபடுவது துப்பாக்கிச் சத்தம் போலக் கேட்கும், நேர் எதிரே யாரும் உட்காரக் கூடாது.

நீளமான பைப் மாட்டி இறுக்குங்கள். இறுகி நின்றதும் புல்லர் போல்ட் தலையில் சின்ன சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி கால் சுற்று. பிடிவாதமாக இருந்தால் இறுக்கிய நிலையிலேயே ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பலமுறை தானாகவே விட்டிருக்கும். அப்புறம்தான் சூடு. ஹப்பின் கழுத்தைச் சுற்றி மட்டும் சீராகக் காட்டுங்கள், ஷாஃப்டில் காட்டாதீர்கள். ஆயில் சீலும் பேரிங்கும் எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள், அவை கெட்டாலும் பரவாயில்லை. பிரேக் ஆயில் கசிவு இருந்தால் மட்டும் தீயை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இதற்கும் வராவிட்டால் அரை ஷாஃப்டை மொத்தமாக இறக்கி, ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். கழற்ற வேண்டியவை: உள்முனையில் நான்கு போல்ட், ஸ்பிரிங் கண் போல்ட், ரேடியஸ் ஆர்ம், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள். ஷாக்கைக் கழற்றும் முன் அடியில் ஜாக்கி கொடுங்கள், அதுதான் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்திருப்பது. பிரஸ்ஸில் ஹப்பின் நடுவை ஒட்டித் தாங்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விளிம்பில் தாங்கினால் மூன்று கால் புல்லர் கதைதான் மறுபடியும்.

கமுதி மெக்கானிக்:
சரி சரி, ஒத்துக்கிறேன். ஹெரால்டில் நான் கை வைத்ததில்லை. ஆனால் டாட்ஜ்காரர்களுக்கு ஒன்று: இடது பக்கச் சக்கர போல்ட் இடதுகை த்ரெட். வலது பக்கம் மாதிரியே கழற்றப் போனால் இறுகிக்கொண்டே போகும், கடைசியில் முறிந்துவிடும்.

மலைக்கோட்டை ஹெரால்டு:
வந்துவிட்டது! ராத்திரி இறுக்கி விட்டதில் அசையவில்லை. காலையில் கழுத்தில் சூடு காட்டி, இன்னும் கால் சுற்று முறுக்கியதும் வெடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். பிளேட் துளிகூட வளையவில்லை.

அடுத்த சந்தேகம். வளைந்த விளிம்பு கால் மி.மீ. ஆடுகிறது. ஷாஃப்ட் டேப்பரில் நகம் தட்டுகிற அளவு ஒரு கீறல். கீ பக்கவாட்டில் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அப்படியே மாட்டலாமா?

கணபதி லேத்:
விளிம்பை லேத்தில் ஒரு பூச்சு எடுத்தால் நேராகிவிடும், அதிகம் எடுக்கச் சொல்லாதீர்கள். கீ புதிதாகப் போடுங்கள், தேய்ந்ததை மறுபடி போடாதீர்கள். கீறலில் மேடு மட்டும் ஆயில் ஸ்டோனால் எடுங்கள். பிறகு கீ இல்லாமல், வால்வு தேய்க்கும் பேஸ்ட் தடவி, ஹப்பை ஷாஃப்டில் கையால் திருப்பித் தேயுங்கள். சுற்றிலும் சாம்பல் நிறம் சீராகத் தெரிந்தால் போதும், மேலும் தேய்க்க வேண்டாம். பேஸ்ட்டைத் துளி விடாமல் பெட்ரோலில் கழுவுங்கள்.

பெருங்களத்தூர் பழசு:
மாட்டும்போது டேப்பரில் கிரீஸோ ஆயிலோ கூடாது, காய்ந்திருக்க வேண்டும். இழுவையைத் தாங்குவது டேப்பர்தான், கீ துணைக்கு. நட்டை மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், கையாலோ இம்பேக்ட் கன்னாலோ வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். இன்னொன்று, உள்பக்க ஊசி ரோலர் பேரிங் நேராக ஷாஃப்டின் மேலேயே ஓடுகிறது. அந்த இடத்தில் குழி விழுந்திருந்தால் புது பேரிங் போட்டும் பயனில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

திண்டுக்கல் மார்க் த்ரீ:
மலைக்கோட்டை அண்ணே, அந்தப் பிளேட்டைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா? என் நாலு கதவு வண்டியிலும் அதே ஸ்டட் அளவுதான், அளந்து பார்த்துவிட்டேன். இடது பக்கம் உறும ஆரம்பித்திருக்கிறது.

மலைக்கோட்டை ஹெரால்டு:
தாராளமாக. லாரி பார்சலில் போட்டு விடுகிறேன், போல்ட் முனைக்குக் கிரீஸ் தடவித் திருப்பி அனுப்புங்கள். நீளமான பைப் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.