புதுப்பிப்பு: மணாலி–லே பயணத்துக்கான வண்டியும் பைகளும்

மணாலியிலிருந்து லேவுக்குச் செல்ல ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளா, 450-ஆ, உலோகப் பெட்டிகளா, துணிப்பைகளா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். எடையில் இரண்டு வண்டிகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் லா கணவாயில் காற்று மெலிந்து எஞ்சின் தன் திறனில் கணிசமான பகுதியை இழந்துவிடும் என்பதால், ஏறத்தாழ 40 குதிரைத்திறனும் 17 லிட்டர் எரிபொருள் கலனும் கொண்ட 450-ஐயே வாங்கினேன்.

பைகளில்தான் என் எண்ணம் முற்றிலும் மாறியது. ஓடையைக் கடக்கும்போது வண்டி சாய்ந்தால் உலோகப் பெட்டிக்கு அடியில் கால் சிக்கிக்கொள்ளும் என்று பலரும் எச்சரித்ததால், நீர்புகாத துணிப்பைகளைத் தேர்ந்தெடுத்தேன். (பூட்டு இல்லையே என்ற கவலை வீட்டில் இன்னும் தீரவில்லை.) கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்தபோது, பின்னிருக்கையின் மேல் உயரமாகக் கட்டிய கூடாரத்தால் முன்சக்கரம் பிடிப்பிழந்தது போலத் தோன்றியது, கருவிகளைக் கீழே, முன்பக்கமாக நகர்த்தியதும் அது சரியாயிற்று.