புதுப்பிப்பு: முருங்கைக்கு வந்த கோடு போட்ட சிட்டு

ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில், வீட்டு முருங்கைப்பூவில் தேன் குடிக்க வந்த, தொண்டையில் கறுப்புக் கோடு ஓடும் மஞ்சள் சிட்டு எது என்று கேட்டிருந்தேன் அல்லவா? விடை கிடைத்துவிட்டது: ஊதாத் தேன்சிட்டு, ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மினுமினுக்கும் கருநீல இறகுகளை உதிர்த்துவிட்டு, ஏறக்குறைய பெட்டையின் நிறத்துக்கு மாறிவிடும். அந்தக் கோடும் சிறகில் கொஞ்சம் நீலமும் மட்டும் மிஞ்சும். பெட்டைக்குக் கோடு கிடையாது. புதுப் படத்தில் சிறகின் தோள்பக்கம் மின்னும் நீலத் திட்டும் தெரிகிறது, பாருங்கள்.

படம் எடுத்த ஷட்டர் வேகம் 1/2000 விநாடி. அப்புறம், கடல்காற்று அடிக்கிற ஊரில் லென்ஸை எடுத்த எடுப்பில் துணியால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் புளோயரால் (காற்று ஊதும் ரப்பர் பந்து) மணலை ஊதித் தள்ளுங்கள்.

பனைமட்டை வேலிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சிட்டு கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான், யாரை வேவு பார்க்கிறேன் என்ற சந்தேகம்.