ஓஎஸ் போடும்போது நெட்வொர்க் கார்டு தெரியவில்லையா? கைக்கு வந்த கேஸ்களை இங்கே எழுதுங்கள்

வயர்மேன்

சொந்தக் கதை வேண்டாம். எந்த சிப், எந்தக் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), என்ன அடையாளம் தெரிந்தது, எதனால் சரியானது, இவ்வளவு போதும். முதலில் நானே தொடங்குகிறேன்.

“டிரைவர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. கார்டு பஸ்ஸில் (கார்டு மதர்போர்டோடு இணையும் பிசிஐ பாதையில்) தெரிகிறதா? தெரிந்தால், டிரைவர் (கார்டை ஓஎஸ்ஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அதைப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சின்ன புரோகிராம்) ஏறியதா? “கார்டு காணோம்” என்ற ஒரே புகாருக்குள் இந்த மூன்று நோயும் இருக்கின்றன. எது என்று பார்க்காமல் டவுன்லோடு செய்தால் ராத்திரி முழுக்க டவுன்லோடுதான்.

உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் லைவ் ஐஎஸ்ஓ (டிஸ்கில் போடாமலே பென்டிரைவிலிருந்து ஓடுவது) என்றால் டெர்மினலைத் திறங்கள். டெபியன் இன்ஸ்டாலரில் கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 அடித்து என்டர் தட்டினால் ஷெல் வரும். எஃப்4 லாக் காட்டும். அங்கே ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை இரண்டு ‘என்’, ஒரு ‘கே’ சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் எண்கள் இருக்கும். முதல் அடைப்பில் 0200 என்றால் ஈதர்நெட், 0280 என்றால் பெரும்பாலும் வைஃபை. வரியின் கடைசிப் பக்கம் இருக்கும் ஜோடி எண்தான் கார்டின் ஜாதகம்: இடப்பக்கம் தயாரிப்பாளர், வலப்பக்கம் மாடல். 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக். பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு பேட்சுக்கு ரியல்டெக், அடுத்த பேட்சுக்கு மீடியாடெக் போடுவது சர்வசாதாரணம்.

அந்த வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருந்தால் டிரைவர் பிடித்துவிட்டது. அந்த வரி இல்லாமல் கார்டு மட்டும் தெரிந்தால் கெர்னல் பழசு, அல்லது டிரைவர் வெளியிலிருந்து வர வேண்டும். கார்டே பட்டியலில் இல்லையென்றால் லினக்ஸைத் திட்டிப் பிரயோசனமில்லை. பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு புரோகிராம்), ஸ்லாட், மின்சாரம் பக்கம் போங்கள்.

டெர்மினல் மணி

வயர்மேன் சொன்ன மூன்றாவது கேஸ்தான் எண்ணிக்கையில் அதிகம். டிரைவர் பிடித்திருக்கும், ஆனால் இன்டர்ஃபேஸ் (ஓஎஸ் கார்டுக்குப் பெயர் வைத்துக் காட்டும் இணைப்பு) வராது. கெர்னலின் லாக்கைக் காட்டும் ‘டிமெஸ்ஜ்’ கட்டளையின் வெளியீட்டில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடினால், எந்தக் கோப்பைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லும்.

டெபியனில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 11 வரைக்கும் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் நான்-ஃப்ரீ (கட்டற்ற மென்பொருள் அல்லாத) ஃபர்ம்வேர் கிடையாது. 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12 முதல் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. அதனால் இன்னமும் 11 ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுபவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஐஎஸ்ஓவை மாற்றுவது. முடியாது என்றால் ஃபர்ம்வேர் டெப் கோப்புகளை ஃபேட்32 பென்டிரைவில் ‘ஃபர்ம்வேர்’ என்ற ஃபோல்டரில் (ஆங்கிலச் சின்ன எழுத்தில்) போட்டு, இன்ஸ்டாலர் கேட்கும்போது செருகினால் எடுத்துக்கொள்ளும்.

ரியல்டெக் ஈதர்நெட்டுக்கும் இதே எச்சரிக்கை வரும். பயந்துவிடாதீர்கள். 8168 வகை சிப்கள் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாமலும் ஓடும். ‘இல்லை’ கொடுத்துத் தொடரலாம். வைஃபையில் அந்தச் சலுகை இல்லை.

நெட்வொர்க் இல்லாமலே ‘நெட்இன்ஸ்ட்’ ஐஎஸ்ஓவில் போட்டுவிட்டு, “டெஸ்க்டாப் வரவில்லை, கறுப்புத் திரைதான் வருகிறது” என்று கேட்பவர்களுக்கு: அதில் அடிப்படை சிஸ்டம் மட்டும்தான் உண்டு. நெட் கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் டிவிடி-1 ஐஎஸ்ஓ எடுங்கள். டெஸ்க்டாப் அதற்குள்ளேயே இருக்கிறது.

லேப்டாப் கிளினிக்

பிராட்காம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். டெபியன் 12இல் ஃபர்ம்வேர் சேர்த்துவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

14ஈ4:4365 என்று வந்தால் அது பிசிஎம்43142. இதற்கு வேண்டியது ஃபர்ம்வேர் கோப்பு அல்ல; ‘டபிள்யூஎல்’ என்ற முழு டிரைவர். டெபியனில் ‘பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்’ பேக்கேஜ். அது இருப்பது ‘நான்-ஃப்ரீ’ பிரிவில். ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பிரிவில் இல்லை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் சோர்ஸஸ் கோப்பில் (பேக்கேஜ் எங்கிருந்து வர வேண்டும் என்ற பட்டியல்) ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்கிறார்கள். இரண்டையும் சேருங்கள்.

டிகேஎம்எஸ் என்றால் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆகும். ஓடும் கெர்னலுக்குப் பொருத்தமான ஹெடர்ஸ் (கம்பைலுக்கு வேண்டிய கெர்னல் கோப்புகள்) இல்லாவிட்டால் கம்பைல் நடக்காமலே பேக்கேஜ் ஏறிவிடும், கார்டு வேலை செய்யாது. ஆகவே ஹெடர்ஸ் முதலில். பிறகு பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ, பிஆர்சிஎம்எஸ்மேக் நான்கு மாட்யூலையும் (கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) இறக்கிவிட்டு டபிள்யூஎல்லை ஏற்றுங்கள்.

செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல்) ஆன் என்றால் இன்னொரு சுவர். மாட்யூலில் கையெழுத்து இல்லை என்று கெர்னல் தள்ளிவிடும்; ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வரும். உபுண்டுவில் நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும்; டெபியனில் ‘மோக்யூட்டில்’ கட்டளையால் சாவியை நாமே பதியக் கொடுக்கும்போது கேட்கும். ரீபூட்டில் நீலத்திரை ஒன்று வரும், அதில் ‘என்ரோல் எம்ஓகே’ (உங்கள் சாவியைப் பதிவது) போய் அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைப் பார்த்துப் பதறி ‘கன்டின்யூ பூட்’ அழுத்திவிடுகிறார்கள். அழுத்திவிட்டால் சாவி ஏறாது, முதலிலிருந்து வர வேண்டும்.

பழைய 4312க்கு பி43 ஃபர்ம்வேர் இன்ஸ்டாலர் போதும், ஆனால் அந்தப் பேக்கேஜ் கோப்பை இணையத்திலிருந்துதான் இழுக்கும். நெட் வர நெட் வேண்டும்.

கெர்னல்காரன்

அதற்குத்தான் யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிளில் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) இருக்கிறதே ஜி. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் (சார்ஜ் மட்டும் ஆகும் கேபிள் உதவாது) செருகி டெதரிங் ஆன் செய்தால் ஈதர்நெட் மாதிரியே தெரியும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கேபிள் வழியாக வரும், மொபைல் டேட்டா செலவாகாது. டெபியன் இன்ஸ்டாலரில் ‘நெட்வொர்க் ஹார்டுவேர் கண்டறிதல்’ கட்டத்துக்கு முன்பே ஆன் செய்து வையுங்கள். தாண்டிவிட்டால் மெனுவில் பின்னால் போய் அந்தக் கட்டத்தை மறுபடி ஓட்டுங்கள். ரீபூட் ஆனால் போனில் டெதரிங் தானாக அணைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, கெர்னல் பழசான கேஸ். இன்டெல் ஏஎக்ஸ்210 (8086:2725) கார்டுக்கு 5.10, மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, ரியல்டெக் 8125 என்ற 2.5 ஜிகாபிட் சிப்புக்கு 5.4. இவற்றுக்குக் கீழே இருந்தால் எத்தனை ஃபர்ம்வேர் போட்டாலும் பலன் இல்லை. உபுண்டு 22.04 முதல் ஐஎஸ்ஓவில் 5.15, 24.04இல் 6.8, டெபியன் 12இல் 6.1, 13இல் 6.12. லேப்டாப் வாங்கிய வருடத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஏஎம்டி லேப்டாப்பில் ஆர்இசட்608, ஆர்இசட்616 என்று ஸ்டிக்கர் இருந்தால் குழம்ப வேண்டாம்; முறையே எம்டி7921, எம்டி7922 குடும்பம்தான்.

வயர்மேன்

டெதரிங் சரி. ஆனால் இந்த வேலையை அடிக்கடி செய்பவர் ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் பையில் வைத்துக்கொள்வது மேல். ஆர்டிஎல்8153 அல்லது ஏஎக்ஸ்88179 சிப் உள்ளது என்றால் கெர்னலிலேயே வருடக்கணக்காக டிரைவர் உண்டு. யுஎஸ்பி வைஃபை டாங்கிளை மட்டும் அவசரத்துக்கு நம்பாதீர்கள். மலிவான டாங்கிள் பல, செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். ‘எல்எஸ்யுஎஸ்பி’யில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் இதுதான். அந்தப் போலி டிரைவை ‘இஜெக்ட்’ செய்தால், அல்லது ‘யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச்’ கட்டளையைப் பெரிய ‘கே’யுடன் ஓட்டினால் வேடம் கலைந்து வைஃபையாக மாறும். அதன் பிறகுதான் டிரைவர் பற்றிய பேச்சே.

ஸ்க்ரூடிரைவர்

பஸ்ஸிலேயே தெரியாத கேஸ்கள் என் பங்குக்கு.

வைஃபை கார்டு மாற்றியவர்கள் கவனிக்க: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் முழுக் கார்டு அல்ல. சிஎன்விஐ என்று பெயர். வைஃபையின் மூளைப் பகுதி இன்டெல் பிராசசர்/சிப்செட்டுக்குள் இருக்கும், கார்டில் இருப்பது ரேடியோ மட்டும். ஸ்லாட் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், திருகும் பொருந்தும். ஏஎம்டி போர்டில் செருகினால் பட்டியலில் ஒரு வரிகூட வராது. அங்கே ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210தான் எடுக்க வேண்டும். கடைசி எண் 0 என்றால் எங்கும் ஓடும், 1 என்றால் இன்டெல் மட்டும் என்று இந்த நான்குக்கும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏஎக்ஸ்210 போட்டபின் ப்ளூடூத் வேலை செய்து வைஃபை மட்டும் காணவில்லை என்றால், அது முரண்பாடு இல்லை. ஒரே கார்டில் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் வைஃபை பிசிஐ வழியாகவும் போகிறது. ஒரு வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. கழற்றி, தங்க முனைகளைத் துடைத்து, நேராக உட்கார்த்துங்கள்.

பழைய திங்க்பேடில் 1802, பழைய எச்பியில் 104 என்று எண் வந்து பூட் நின்றால் கார்டு கெட்டுப்போகவில்லை. பயாஸின் அனுமதிப் பட்டியலில் அந்தக் கார்டு இல்லை, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் பயாஸில் ‘ஆன்போர்டு லேன் கன்ட்ரோலர்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் ‘நெட்வொர்க் ஸ்டாக்’கை ஆன் செய்துவிட்டு வருகிறார்கள். அது நெட்வொர்க் வழி பூட்டுக்கு. ஓஎஸ்ஸில் கார்டு தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி வருவதுதான் அதிகம் ஏமாற்றுவது. விண்டோஸோடு டூயல் பூட். நேற்று வரை லினக்ஸில் வைஃபை இருந்தது, இன்று இல்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஷட்டவுன் என்ற பெயரில் பாதித் தூக்கத்தில் போகிறது, கார்டையும் அதே நிலையில் விட்டுவிடுகிறது. எம்டி7921இல் டிமெஸ்ஜ் பார்த்தால் ‘டிரைவர் ஓன் ஃபெயில்டு’, கூடவே பிழை எண் -5. டிரைவரைத் தொடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு விண்டோஸில் அட்மின் கட்டளைத் திரையில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் ஹைபர்னேட்டை அணைத்துவிடுங்கள்; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு போய்விடும்.

ஜன்னல் கம்பி

விண்டோஸ் 11 பக்கம் யாரும் வரவில்லை. அங்கே நெட் இல்லாவிட்டால் இன்ஸ்டால் முடிந்தும் “நெட்வொர்க்கோடு இணையுங்கள்” திரையிலேயே நின்றுவிடும். ஷிஃப்ட் + எஃப்10 (சில லேப்டாப்பில் எஃப்என்னும் சேர்த்து) கட்டளைத் திரை தரும். அந்த நெட்வொர்க் திரையைத் தாண்ட வைக்கும் ‘பைபாஸ்என்ஆர்ஓ’ ஸ்கிரிப்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். புதிய பில்டுகளில் அதை நீக்கி வருகிறார்கள். அதை நம்புவதைவிட டிரைவரை அங்கேயே ஏற்றுவது நல்லது.

அதற்கு ஐஎன்எஃப் கோப்பு (டிரைவரை எப்படி ஏற்றுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் கோப்பு) வேண்டும். இஎக்ஸ்இ இன்ஸ்டாலர் அந்தத் திரையில் பெரும்பாலும் மக்கர் செய்யும். வேறு கம்ப்யூட்டரில் பிரித்து, ஃபோல்டராக பென்டிரைவில் போடுங்கள். பென்டிரைவ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், கட்டளைத் திரையில் நோட்பேடைத் திறந்து ‘ஓபன்’ கொடுங்கள், டிரைவ்கள் வரிசையாகத் தெரியும். பிறகு ‘பிஎன்பியூட்டில்’ கட்டளையில் ஆட்-டிரைவர், சப்டிர்ஸ், இன்ஸ்டால் மூன்று ஸ்விட்சும் கொடுத்தால் ஃபோல்டர் முழுக்க அலசி ஏற்றிக்கொள்ளும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ‘கோட் 28’ என்றால் டிரைவர் இல்லை. ‘கோட் 10’ என்றால் டிரைவர் இருக்கிறது, கார்டு எழுந்திருக்கவில்லை. மேலே ஸ்க்ரூடிரைவர் சொன்ன 30 வினாடி வைத்தியம் இங்கேயும் சில சமயம் பலிக்கும்.

பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறது, ஃபார்மேட் செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ‘டிஸ்ம்’ கட்டளையில் ஆன்லைன், எக்ஸ்போர்ட்-டிரைவர் கொடுத்து எல்லா டிரைவரையும் பென்டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். 5 நிமிட வேலை.

கேவிஎம்மில் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது) விண்டோஸ் போட்டால் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டு தெரியாது. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, ‘நெட்கேவிஎம்’ ஃபோல்டரைக் காட்டுங்கள். இல்லையென்றால் கார்டை தற்காலிகமாக இ1000இக்கு மாற்றுங்கள்.

டெர்மினல் மணி

ஒன்று விட்டுப்போனது. கார்டு தெரிகிறது, இன்ஸ்டாலும் வைஃபையிலேயே முடிந்தது, ஆனால் டெஸ்க்டாப் வந்ததும் நெட்வொர்க்மேனேஜர் ‘அன்மேனேஜ்டு’ (இந்தக் கார்டு என் பொறுப்பில் இல்லை) என்கிறது. டெபியனில் ‘இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் வைஃபை இன்டர்ஃபேஸின் பெயர் இருந்தால் அந்த வரிகளுக்கு முன்னால் # போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘லோ’ என்ற லூப்பேக் வரிகளைத் தொடாதீர்கள்.

புதிதாக என்விஎம்இ டிஸ்க் மாட்டியதும் லேன் போய்விட்டது என்பவர்களும் இன்டர்ஃபேஸின் பெயரைப் பாருங்கள். பிசிஐ வரிசை ஒரு எண் நகர்ந்து இஎன்பி3எஸ்0 இப்போது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். கட்டமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.