புதுப்பிப்பு: ஹீலியோஸ் 44-2 லென்ஸில் வலது ஓரக் கலங்கல், காரணம் கிடைத்தது

சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸை (குவியத்தூரம் 58 மி.மீ.; ஒளித்துளை முழுதாகத் திறந்தால் எஃப்/2) மிரர்லெஸ் கேமராவில் அடாப்டருடன் (இணைப்பு வளையம்) பொருத்தி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் படமெடுத்தால் வலது ஓர எழுத்துகள் மட்டும் கலங்குகின்றன, லென்ஸ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முதலில், நீங்கள் சொன்னபடி கேமராவைத் தலைகீழாக்கி எடுத்தேன். கலங்கல் செய்தித்தாளின் அதே பக்கத்தில்தான் நின்றது. லென்ஸிலோ அடாப்டரிலோ கோணல் இருந்தால் அது கேமராவோடு சேர்ந்து மறுபக்கம் போயிருக்கும்.

தீர்த்துவைத்தது முகம் பார்க்கும் கண்ணாடி யோசனை. சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் கேமராவில் தெரியும் படத்தின் நடுவில் வரும்வரை முக்காலியை நகர்த்தினேன். கேமரா சுவருக்கு நேராக நிற்கவே இல்லை! எஃப்/2-இல், இவ்வளவு அருகில், சிறு சாய்வே ஓர் ஓரத்தைக் கெடுத்துவிடுகிறது. நேராக்கியபின், துளையைச் சுருக்கி எஃப்/5.6-இல் எடுத்தால் இரு ஓரங்களும் ஒன்றுபோல் தெளிவாக இருக்கின்றன.

எதிர்பாராதது ஒன்று. எஃப்/2-இல் இரு ஓரங்களும் இன்னும் மென்மைதான். ஆனால் ஓரத்திலேயே குவியம் வைத்தால் அங்கே கூர்மை கூடி, நடுப்பகுதி மங்குகிறது. இதன் குவியப் பரப்பு (கூர்மையாகப் பதியும் இடங்கள் சேர்ந்த பரப்பு) தட்டையல்ல, வளைந்தது; தட்டையான சுவரை மட்டும் வைத்து இந்த லென்ஸை மதிப்பிடுவது நியாயமாகாது.

இன்னொன்று: பழைய லென்ஸ் தன் குவியத்தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது. கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அதிர்வுத் தடுப்புக்கு அந்த அளவு தேவை; என் கேமராவில் அதற்கு முந்தைய லென்ஸின் 28 மி.மீ. அப்படியே இருந்தது. முக்காலியில் அதை அணைத்துவிட்டேன்; கையில் எடுக்கும்போது 58 என்று மாற்றிக்கொள்கிறேன்.